ஆடாத பலகை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மாப்பிள்ளை குடிப்பானா, வேலை நிஜமா என்று விசாரிக்கச் சொல்லித்தான் வருவார்கள். அன்று காலை வந்த அம்மாள் நாற்காலியில் உட்காரும் முன்பே முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கை ஸ்க்ரூக்களை மேஜை மேல் கொட்டினாள்.

"என் கேரவன்ல இதெல்லாம் கழண்டு கழண்டு விழுவுது. யாரோ வேணும்னே பண்றாங்க. ஆருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க."

மங்கலம் ஒரு ஸ்க்ரூவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். பேருந்துகளில் செக்கிங் இன்ஸ்பெக்டராகப் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு துப்பறியும் தொழிலுக்கு வந்தவள் அவள். டிக்கெட் எடுக்காதவன் எங்கே பார்ப்பான் என்பதைத் தெரிந்துகொண்டதுதான் தன்னுடைய ஒரே படிப்பு என்று சொல்லிக்கொள்வாள். அவளுடைய உதவியாளன் செம்பியனுக்கு வாய்தான் முதலீடு.

"ஸ்க்ரூ லூசான ஆளுங்க நெறைய பேர் வந்திருக்காங்க மேடம்," என்றான் அவன் மெல்ல. "ஸ்க்ரூவே நேர்ல வந்தது இதான் மொத தடவ."

மங்கலம் சிரிக்கவில்லை. வந்தவளை அவளுக்கு அடையாளம் தெரிந்திருந்தது. மேல்பட்டாம்பாக்கம் இருசம்மாள். சில வருஷங்களுக்கு முன்னால் ஊர் மதுக்கடையின் முன்னால் நடுரோட்டில் படுத்து, கடையை மூடும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று சொன்னவள். அந்தப் போட்டோ எல்லாப் பேப்பரிலும் வந்தது. ரோட்டில் இரண்டு பெண்கள் படுத்திருப்பார்கள். ஒருத்தி இருசம்மாள். இன்னொருத்தி முந்தானையால் முகத்தை மூடியிருந்ததால் அவள் யாரென்று யாருக்கும் தெரியாது.

கடை மூடப்பட்ட பிறகு நடந்ததை இருசம்மாளே சொன்னாள். குடியால் புருஷனை இழந்த அவளும் தெருப் பெண்களும் ஒரு குழுவாகச் சேர்ந்து, வங்கியில் கடன் வாங்கி, ஒரு பழைய பஸ்ஸைக் கேரவனாக மாற்றினார்கள். உள்ளே இரண்டு படுக்கை, குட்டிச் சமையலறை, சுவரெல்லாம் கப்போர்டு. புதுச்சேரி, பிச்சாவரம், ஸ்ரீமுஷ்ணம், சிதம்பரம் என்று குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. படுக்கைக்கு மேலே பதித்திருந்த பலகை மட்டும் அடிக்கடி கழன்றது. போன மாதம் அது ஒரு பயணியின் தோளில் விழுந்தது. அவர் நெட்டில் எழுதிவிட்டார். ஆசாரி வந்து நீளமான ஸ்க்ரூ போட்டான். பிறகு வாஷர் போட்டான். கடைசியாக, வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவளுக்கு வேன் ஸ்டாண்டில் இருக்கும் தட்சிணாமூர்த்தி மேல் சந்தேகம். பொம்பளைங்க வண்டி ஓட்டினால் இப்படித்தான் என்று அவன் பலரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான். அன்று மதியம் சிதம்பரத்தில் மாதர் அமைப்புகள் சேர்ந்து அவளுக்கு ஒரு பாராட்டு விழா வைத்திருந்தார்கள். விழாவுக்கு வருகிறவர்கள் கேரவனுக்குள் ஏறிப் பார்ப்பார்கள். அப்போது பலகை விழுந்தால் குழுவின் பெயர் அதோடு போய்விடும். வண்டி கீழேதான் நிற்கிறது, கூடவே வாருங்கள் என்றாள்.

"தானா கழண்டு விழுந்த ஸ்க்ரூவுக்குத் தலையில காயம் இருக்காது," என்றாள் மங்கலம், கையிலிருந்ததைச் செம்பியனிடம் நீட்டி. ஸ்க்ரூவின் தலையில் இருந்த ஒற்றைக் கோடு இரு பக்கமும் நைந்துபோயிருந்தது.

"ஆசாரி திருகினதா இருக்கும் மேடம்."

ஆசாரி போட்டது புது ஸ்க்ரூ, ஒரு தடவை முடுக்கியதற்கு இவ்வளவு நையாது என்றாள் மங்கலம். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

கேரவன் வெயிலில் மஞ்சளாக நின்றது. டிரைவர் கொளஞ்சியப்பன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான், அதையும் டயரைப் பார்த்துச் சொல்வான். செம்பியனுக்கு அவனை அப்போதே பிடிக்கவில்லை. உள்ளே சமையல் மேடை முன்னால் வெள்ளைச் சேலையில் ஒரு பெண்மணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

இருசம்மாள் அவள் தோளில் கைபோட்டுக்கொண்டாள். "இது ஆரோக்கியம். அந்தப் போட்டோவுல என் பக்கத்துல படுத்திருந்தது இவதான். இவ இல்லன்னா நான் ரோட்டுல படுத்திருக்கவும் மாட்டேன், எழுந்திருச்சிருக்கவும் மாட்டேன்."

ஆரோக்கியம்மாள் இலேசாகச் சிரித்துவிட்டு எல்லோருக்கும் டீ ஊற்றினாள். எதிரெதிர் வீடு. சின்ன வயதிலிருந்தே சிநேகம். வண்டி ஓட ஆரம்பித்த நாளிலிருந்து அவள்தான் சமையல்.

மங்கலம் டீயைக் கையில் வைத்துக்கொண்டே வண்டிக்குள் இருந்த ஒவ்வொரு கப்போர்டையும் திறந்து மூடினாள். கதவுகளின் கீல்களை ஆட்டிப் பார்த்தாள். எல்லாம் உறுதியாக இருந்தன. கடைசியாகப் படுக்கைக்கு மேலே இருந்த பலகையைத் தொட்டாள். அது கதவு கிடையாது. திறக்கிறதும் இல்லை, மூடுகிறதும் இல்லை. வெறும் மறைப்பு. அன்றைக்கு அதுவும் சரியாகத்தான் இருந்தது.

வண்டி கிளம்பியது. கொளஞ்சியப்பன் ஓட்ட, இருசம்மாள் அவன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். பின்னால் சமையல் சத்தம் கேட்டது. சிப்காட் ரசாயன ஆலைகளின் வாசனை ஜன்னல் வழியாக வந்தபோது செம்பியன் மூக்கைப் பிடித்துக்கொண்டு மங்கலத்திடம் குனிந்தான்.

"என்ன மேடம் யோசன?"

"இந்த வண்டியில ஜாஸ்தி ஆடறது கதவு. கதவு ஸ்க்ரூ ஒண்ணுகூட கழரல. ஆடாம சும்மா இருக்கிற பலகதான் கழருது."

செம்பியன் திரும்பிப் படுக்கைக்கு மேலே இருந்த பலகையைப் பார்த்தான்.

மங்கலம் எழுந்து முன்னால் போனாள். பலகை எந்தெந்தப் பயணத்துக்குப் பிறகு கழன்றது என்று இருசம்மாளிடம் கேட்டாள். அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள். போன மாதம் புதுச்சேரி போய் வந்தபோது. அதற்கு முன்னால் பொங்கல் சமயத்தில், அதுவும் புதுச்சேரி. நேற்றும் புதுச்சேரியில் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டு, இன்று காலையில்தான் ஆல்பேட்டை செக்போஸ்ட் வழியாகக் கடலூருக்குள் வந்தார்கள். ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில் போகும்போது எப்படி என்று மங்கலம் கேட்டாள். அந்த ரோட்டில் குடல் வாய்க்கு வந்துவிடும் என்று இருசம்மாள் சொன்னாள். ஆனால் பலகை அப்போது கழன்றதாக ஞாபகம் இல்லை.

செம்பியனுக்கு அது போதுமானதாக இருந்தது. புதுச்சேரி ரோடு வழுவழுவென்று இருக்கும். அந்த ரோட்டில்தான் ஸ்க்ரூ கழல்கிறது என்றால் கழற்றுவது ரோடு இல்லை. புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு ஒளித்துக்கொண்டு வருவதற்கு என்ன இருக்கிறது என்பது இந்த ஜில்லாவில் பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும். குடும்பத்தோடு டூர் போகிற வண்டியை, அதுவும் மதுக்கடையை மூடிய இருசம்மாளின் வண்டியை, செக்போஸ்டில் யார் சோதிப்பார்கள்? அவன் கண்ணாலேயே டிரைவர் சீட்டைக் காட்டினான்.

புதுச்சத்திரம் தாண்டி ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள் மங்கலம். மற்ற மூன்று பேரும் இறங்கிப் போனதும் செம்பியன் டிரைவர் சீட்டின் அடியிலிருந்து டூல் பாக்ஸை இழுத்தான். உள்ளே ஒரே ஒரு ஸ்க்ரூ டிரைவர்தான் இருந்தது. அதன் முனை ஸ்டார். பலகையில் இருந்த ஸ்க்ரூக்களின் தலையில் ஒற்றைக் கோடு. எவ்வளவு அழுத்தியும் பிடிக்கவில்லை.

"மாமியார் மருமக மாதிரி இருக்குது மேடம். ரெண்டும் ஒரே வூட்டுல இருக்கு, சேர மாட்டேங்குது."

அவன் சமையல் மேடைக்குப் போய்க் காய் நறுக்கும் கத்தியை எடுத்து வந்தான். கத்தியின் முனை ஸ்க்ரூவின் கோட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. இலேசாகத் திருப்பியதுமே ஸ்க்ரூ கழன்று வந்தது. துளை அவ்வளவு பெரிதாகியிருந்தது. மங்கலம் கத்தியைக் கேட்டு வாங்கினாள். அதன் முனை முன்பே ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டிருந்தது. அவள் அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

பலகைக்குப் பின்னால், பஸ்ஸின் தகரத்துக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில், ஒரு பழைய துணிச் சுருள் இருந்தது. அதற்குள் ஒரு குவார்ட்டர் பாட்டில். மூடியை யாரும் உடைக்கவில்லை. புதுச்சேரியில் மட்டும் விற்பனைக்கு என்று அச்சடித்திருந்தது.

"முடிஞ்சுது," என்றான் செம்பியன். "டிரைவரக் கூப்பிடட்டுமா?"

"ஒரே ஒரு பாட்டில். இத வித்து அவன் என்ன, நெய்வேலியில பங்களா கட்டப்போறானா?"

மங்கலம் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லேபிளின் ஓரங்கள் துணியில் தேய்ந்து தேய்ந்து வெளுத்திருந்தன. கீழே சின்ன எழுத்தில் இருந்த தேதியைப் படித்ததும் அவள் நெற்றி சுருங்கியது. அந்தப் பாட்டில் கேரவனைவிட வயதானது. கடத்துகிறவன் சரக்கை விற்றுவிட்டு அடுத்த தடவை வேறு சரக்கு கொண்டு வருவான். இங்கே ஒரே பாட்டில் வருஷக்கணக்காக இதற்குள் போய்ப் போய் வந்திருக்கிறது. விற்க வைத்தது இல்லை இது. பிடிபட வைத்தது. செக்போஸ்டைத் தாண்டும் பயணங்களில் மட்டும் வைக்கிறார்கள், பிறகு எடுத்துவிடுகிறார்கள். இன்று காலையிலேயே செக்போஸ்டைத் தாண்டியாகிவிட்டது. ஆனாலும் எடுக்கவில்லை.

இன்றைக்குத்தான் அந்த நாள் என்று அவளுக்குத் தோன்றியது. சிதம்பரத்தில் கூட்டத்துக்கு நடுவில் யாராவது பலகையைத் திறந்தால் போதும். கேரவன் பறிமுதலாகும். இருசம்மாள் ஜீப்பில் ஏறுவாள். மறுநாள் பேப்பரில் பழைய போட்டோவையும் புதுப் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவார்கள்.

பாட்டிலை ஒழித்துவிடும்படி செம்பியனிடம் சொன்னாள். அவன் டீக்கடைக்குப் பின்னால் போய், சரக்கை முள்ளுச்செடிகளின் அடியில் ஊற்றிவிட்டு, பாட்டிலைக் கருங்கல்லில் அடித்து உடைத்துவிட்டு வந்தான். கடைக்காரரிடம் ஒரு தீப்பெட்டியும், பக்கத்துப் பெட்டிக்கடையில் ஃபெவிகால் ட்யூபும் வாங்கிவரச் சொல்லியிருந்தாள் மங்கலம். தீக்குச்சிகளின் மருந்தை உதிர்த்துவிட்டு, அவற்றைப் பசையில் தோய்த்து, ஒவ்வொரு துளையிலும் நெருக்கமாகச் சொருகி, அதன்மேல் ஸ்க்ரூவை முடுக்கச் சொன்னாள். இப்போது அது மூச்சைப் பிடித்துத் திருகினால்தான் நகரும்.

"திருடனப் பிடிக்க வந்துட்டு ஆசாரி வேல பாக்குறோம்," என்றான் செம்பியன் கையைத் துடைத்துக்கொண்டே. "காலியான எடத்துக்கு எதுக்கு மேடம் இவ்வளவு டைட்டு?"

"ஸ்க்ரூ டைட்டா இருக்கிறதப் பாத்து யாரு முகம் மாறுதுன்னு பாக்கத்தான்."

சிதம்பரம் மேல வீதியில் மண்டபத்தின் முன்னால் வாழைமரம் கட்டியிருந்தது. கேரவன் போய் நின்றதும் பெண்கள் கூட்டமாக வந்து சூழ்ந்துகொண்டார்கள். இருசம்மாள் இறங்கி ஒவ்வொருத்தியின் கையையும் பிடித்துக்கொண்டிருக்கும்போதே ஜீப் வந்தது. மதுவிலக்கு போலீஸ். பெண் எஸ்.ஐ. ஒருவர், இரண்டு கான்ஸ்டபிள்கள். தகவல் வந்திருக்கிறது, வண்டியைப் பார்க்க வேண்டும் என்று எஸ்.ஐ. மரியாதையாகத்தான் சொன்னார். இருசம்மாள் முதலில் சிரித்தாள். அவர் விளையாடவில்லை என்று தெரிந்ததும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

போலீஸ் எதையும் தேடவில்லை. நேராகப் படுக்கைப் பக்கம் போய் அந்தப் பலகையைக் கழற்றச் சொன்னார்கள். கான்ஸ்டபிள் தன்னிடமிருந்த ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகினார். அசையவில்லை. இரண்டு கையாலும் அழுத்தித் திருகினார். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முயன்றார்.

மங்கலம் வாசல் பக்கம் நின்று மூன்று பேரையும் பார்த்தாள். கொளஞ்சியப்பன் எஸ்.ஐ.யின் முகத்தையே பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான். இருசம்மாள் வெளியே நின்ற பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரோக்கியம்மாள் ஒருத்திதான் அந்த ஸ்க்ரூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது திரும்பாமல் நிற்க நிற்க அவள் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிக்கொண்டே போனது. பலகை இன்னும் திறக்கவேயில்லை. உள்ளே எதுவும் இல்லை என்பது அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பலகை வந்தது. பின்னால் தகரம்தான் இருந்தது. எஸ்.ஐ. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, யாரோ வேண்டாதவர்கள் பண்ணிய வேலை என்று இருசம்மாளிடம் வருத்தம் சொல்லிவிட்டுப் போனார். வெளியே நின்ற பெண்கள் தட்சிணாமூர்த்தியின் பெயரைச் சொல்லித் திட்ட ஆரம்பித்தார்கள். மங்கலம் டிரைவரைக் கீழே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். சமையல் மேடையிலிருந்து கத்தியை எடுத்து, முறுக்கிய முனை தெரியும்படி இருசம்மாளின் கையில் கொடுத்து, நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள்.

இருசம்மாள் அவளை ஏதோ வேற்று பாஷை பேசுகிறவளைப் போலப் பார்த்தாள். பிறகு தன் சிநேகிதியின் பக்கம் திரும்பினாள்.

"இந்தம்மா என்னமோ சொல்றாங்க ஆரோக்கியம். இல்லன்னு சொல்லு."

ஆரோக்கியம்மாள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நான்தான் போன் பண்ணேன்," என்றாள்.

தட்சிணாமூர்த்தி எப்போது வந்து பேசினான் என்று மங்கலம் கேட்டாள். அந்த இடத்தில்தான் அவள் கணக்கு தவறியது. ஆரோக்கியம்மாளுக்கு அந்த ஆளின் முகம்கூடச் சரியாகத் தெரியாது. அவள் மங்கலத்துக்குப் பதில் சொல்லவும் இல்லை. இருசம்மாளைப் பார்த்தே பேசினாள்.

"கடைய மூடச் சொல்லி ரோட்டுல படுக்கறதுக்கு மொத நாளு உன் வூட்டுக்கு வந்தேன். சவரிக்குக் குடிய விட வைக்கிற ஆஸ்பத்திரியில எடம் கெடைக்கப்போவுது, அவனச் சேக்கறவரைக்கும் பொறுத்துக்கன்னு கேட்டேன். ஒருத்தனுக்காவ ஊரே காத்துக்கெடக்குமான்னு சொன்ன. சரின்னு நானும் வந்து உன் பக்கத்துல படுத்தேன்."

சவரி அவளுடைய ஒரே மகன். ஊரில் கடை இருந்தவரை அவன் குடித்துவிட்டு மாதா கோயில் வாசலிலோ பஞ்சாயத்து ஆபீஸ் திண்ணையிலோ விழுந்து கிடப்பான். அவள் போய் இழுத்து வருவாள். கடையை மூடிய பிறகு அவன் பண்ருட்டி மெயின் ரோடு வரை நடந்து போய், புதுச்சேரியிலிருந்து கடத்தி வந்து விற்கிற சரக்கை வாங்கிக் குடித்தான். ஒரு சாயங்காலம் திரும்பி வரும்போது லாரி அடித்துவிட்டது. அடுத்த வாரம் ஊரில் இருசம்மாளுக்கு முதல் சால்வை போர்த்தினார்கள்.

"நீ சாவுக்கு வந்த. மாலை போட்ட. அதுக்கப்புறம் ஒரு நாளாவது அவன் பேர உன் வாயால சொல்லியிருக்கியா? ஆஸ்பத்திரியில அவன் சட்டையக் குடுத்தாங்க. பையில அந்த பாட்டில் இருந்துது. லாரி அடிச்சுத் தூக்கிப் போட்டும் அது உடையல." அவள் செம்பியன் பக்கம் திரும்பினாள். "அது எங்க தம்பி? அதக் குடுத்துடு."

வாயைத் திறந்தால் மூடத் தெரியாத செம்பியன் தரையைப் பார்த்தான். மங்கலம்தான் சொல்ல வேண்டியிருந்தது. உடைத்தாகிவிட்டது என்பதை அவள் எப்படிச் சொன்னாள் என்று பிறகு அவளுக்கே ஞாபகம் இல்லை. ஆரோக்கியம்மாள் தலையை ஆட்டிக்கொண்டாள். இதுவும் எதிர்பார்த்ததுதான் என்பது போல இருந்தது அது.

ஒவ்வொரு புதுச்சேரிப் பயணத்திலும் அந்தப் பாட்டிலை உள்ளே வைத்திருக்கிறாள். செக்போஸ்ட் நெருங்கும்போது போலீசுக்குச் சொல்லப் போனைக் கையில் எடுப்பாள். அந்த நேரம் பார்த்து இருசம்மாள் முன் சீட்டிலிருந்து திரும்பி, களைப்பா இருக்கா ஆரோக்கியம், கொஞ்சம் படுத்துக்க என்பாள். இவள் போனை வைத்துவிடுவாள். ஊருக்கு வந்ததும் கத்தியால் திருகி மறுபடி எடுத்துவிடுவாள். வைக்க ஒரு தடவை, மனசு கேட்காமல் எடுக்க ஒரு தடவை. துளை அப்படித்தான் பெரிதானது.

"அப்ப இன்னைக்கு மட்டும் எப்படி மனசு வந்துது?" என்றாள் இருசம்மாள்.

"காலையில கேட்டியே. கடைய மூடினதப் பத்தி மேடையில என்ன பேசலாம், நீ ரெண்டு வார்த்த சொல்லிக் குடேன்னு. என்னையக் கேட்டியே."

வெளியே மைக் டெஸ்ட் செய்தார்கள். யாரோ கதவைத் தட்டி, நேரமாகிறது என்றார்கள். இருசம்மாளுக்கு அது காதில் விழவில்லை. அவள் கத்தியை மேடை மேல் வைத்தாள்.

"இது என் ஒருத்தி வண்டியா? தெருவுல இருக்கிற அத்தன பொம்பளைங்க வண்டி. அவுங்க உனக்கு என்னடி பண்ணாங்க? இந்தப் பலகைக்குக் கீழதான் நீயும் நானும் ஒண்ணாப் படுத்துத் தூங்குனோம். என் தலைக்கு மேல அத வெச்சிட்டு எப்படித் தூங்குன?"

ஆரோக்கியம்மாள் தலைக்கு மேலே பலகை இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"என்னையக் கேட்டிருக்கலாம். நாலு பேர் முன்னாடி செருப்பால அடிச்சிருக்கலாம். நான் உன் கால்ல விழுந்திருப்பேன்."

"கேட்டாத்தான் தெரியுமா இருசு?"

ஆரோக்கியம்மாள் தன் மாற்றுச் சேலையையும் ஜெபமாலையையும் ஒரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். சமைத்து வைத்திருந்த பாத்திரங்களை மூடினாள். அடுப்பின் வால்வை மூடிவிட்டு, கதவைத் திறந்து இறங்கி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தாள். இருசம்மாள் அவளை நிறுத்தவில்லை. அவள் போன திசையில் பார்க்கவும் இல்லை.

"நீங்க கண்டுபிடிச்சதுக்கு நன்றி சொல்லணும்," என்றாள் மங்கலத்திடம். "வாய் வரல. தட்சிணாமூர்த்தியாவே இருந்திருக்கக் கூடாதா."

மங்கலம் கழற்றிக் கிடந்த பலகையை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

விழா நடந்தது. இருசம்மாள் முகத்தைக் கழுவிக்கொண்டு மேடையேறினாள். சால்வை போர்த்தினார்கள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மைக்கைக் கொடுத்தபோது தொண்டை சரியில்லை என்று சைகை காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். போலீஸ் வந்து அவமானப்படுத்தியதால்தான் அம்மா பேசவில்லை என்று அறிவிப்பாளர் சொன்னார். கைதட்டல் இன்னும் பலமாக எழுந்தது. அவள் மடியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். மண்டபத்தின் பின்னால் நின்ற செம்பியன், அந்தப் பாட்டிலை உடைத்த கல் எங்கே இருக்கிறது என்று தனக்குத் தெரியும், துண்டுகளையாவது பொறுக்கிக் கொடுக்கலாமா என்று மெதுவாகக் கேட்டான். வேண்டாம் என்றாள் மங்கலம்.

திரும்பும்போது கொளஞ்சியப்பன் எதுவும் கேட்காமல் ஓட்டினான். இருசம்மாள் சால்வையை மடித்து மடியில் வைத்திருந்தாள். பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது, ஆரோக்கியம்மாள் இன்னும் அங்கே கட்டைப்பையோடு நிற்பது தெரிந்தது. வெள்ளாற்றுப் பாலம் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டச் சொன்னாள். அவன் நிறுத்தினான். யாரும் இறங்கவில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. டயர் ஏதும் கோளாறா என்று செம்பியன் எழுந்து பார்க்கப் போனான். மங்கலம் அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் கடலூர் பஸ் வந்தது. நல்ல கூட்டம். ஜன்னல் ஓரத்தில் கட்டைப்பையைக் கட்டிக்கொண்டு ஆரோக்கியம்மாள் உட்கார்ந்திருந்தாள். ரோட்டோரம் நின்ற மஞ்சள் கேரவனை அவள் பார்த்தாளா என்று சொல்ல முடியாது. பஸ் கடந்து போனது.

"ஒரே தெருவு," என்றாள் இருசம்மாள், யாரிடமும் இல்லாமல். "நான் வாசல்ல நிக்கும்போது அவ எதிர்ல நடந்து வர்றத என்னால பாக்க முடியாது. அவ மொதல்ல போயி கதவச் சாத்திக்கட்டும்."

பஸ் வளைவில் மறைந்தது. கொளஞ்சியப்பன் சாவியில் கை வைத்தான்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருப்பா," என்றாள் அவள்.